மணலைக் கட்டும் அடம்பு: கற்பாத்தியில் அதனை வளர்க்கும் முறை

திருப்புல்லாணியில் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சேதுக்கரைக்கு நீராடச் செல்லும் யாத்திரிகர்கள், கடல்நீரைத் தொடுமுன் ஒரு கொடியை மிதித்துக்கொண்டே செல்கின்றனர். ஆட்டுக் குளம்பைப் போல நுனி பிளந்த தடித்த இலைகளும், புனல் போன்ற செந்நீல மலர்களும் உடைய அக்கொடியே அடம்பு. ஆட்டுக்கால் அடம்பு என்பதும் உண்டு. சங்கப் புலவர்கள் நெய்தற் பாட்டுக்களில் அடும்பு என்று குறித்தது இதனையே. தாவர சாஸ்திரத்தில் ஐபோமியா பெஸ்காப்ரே என்பர். பின்மொழிக்கு லத்தீன் பாஷையில் ஆட்டின் கால் என்பதே பொருள்.

கறிக்கும் உதவாது, விறகுக்கும் ஆகாது என்று குடியானவர்கள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் கடற்கரையை அடுத்துத் தென்னையும் பனையும் வைத்திருப்போர் இதன் வேலையைச் சற்று நின்று கவனிப்பாராயின் அக்கருத்தை மாற்றிக்கொள்வர். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று மணலை வாரிக்கொண்டு வருகின்றது. அடம்பின் இலைகளில் மோதியவுடன் தரையோரத்தில் காற்றின் வேகம் தணிகின்றது. தணியவே மணல் அங்கேயே உதிர்கின்றது. வேறு செடியாயின் மணலுக்குள் புதைந்து மடியும். அடம்போ புதைந்த ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு மேலே எழுகின்றது. இவ்வாறு மணல் ஏற ஏறக் கொடியும் ஏறி, நாளடைவில் ஒரு மேடு உண்டாகின்றது. அம்மேடே உள்நிலத்துக்கு வேலி. அது நிலைபெற்ற பின்னரே ராவணன் மீசைப் புல் முதலியனவும் அங்கே இடம்பெற்று மேட்டை மேலும் உறுதியாக்குகின்றன.

ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் மிதிப்பதாலும், வண்டிகள் ஏறி இறங்குவதாலும், மணல் அள்ளுவதாலும் இப்போர்வை கிழிகின்றது. கிழிந்த இடம் ஒரு முழ அகலமே இருப்பினும், காற்று அவ்வழியே புகுந்து மணலைத் தோண்டி வாயை அகலமாக்கிவிடும். பின்னர் அம்மணல் தோப்புக்குள் இறங்கும். 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் போன்றதனை எந்தக் கொடியும் தடுத்துவிடாது. அவ்வாறு கூறுவது மிகை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிலத்தை மூடும் காற்றுமணலைத் தடுப்பதே இதன் காரியம்.

நடுவதற்கு ஐப்பசி மாதமே தக்கது. இராமநாதபுரம் ஜில்லாவில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையே மழை என்பதால், அப்பொழுது நட்டவை தாமே பிழைத்துக்கொள்ளும். முற்றிய கொடியில் மூன்று கணுக்கள் உள்ளவாறு ஒன்றரை அடித் துண்டுகளாக நறுக்கி, இரண்டு கணுக்கள் மணலுக்குள் செல்லுமாறு சாய்த்து மூன்றடி இடைவெளியில் நடவேண்டும். விதையாலும் வளர்க்கலாம். காய்க்குள் பெரும்பாலும் நான்கு விதைகள் இருக்கும். அவற்றின் தோல் மிகக் கடினமானது. கடல்நீரில் நெடுந்தூரம் மிதந்து வேறு கரை சேர்ந்தும் முளைப்பதற்கு அத்தோலே காரணம். ஆதலின் விதையைச் சொரசொரப்பான கல்லில் சிறிது தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். இன்றேல் முளைக்க நெடுநாள் செல்லும். கொடித்துண்டுகளைத் தோட்டத்தில் வளரும் கொடியிலிருந்தே எடுப்பது முறை. மேட்டில் படர்ந்திருப்பதை வேரோடு பிடுங்குவது வேலியைப் பிரித்து அடுப்பெரிப்பதை ஒக்கும்.

வீட்டின்முன் கற்பாத்தி அமைக்க விரும்புவோர் ஒன்றரை அடி ஆழத்துக்குக் களிமண்ணை அகற்றி மணல் நிரப்பவும். கற்களை மூன்றிலொரு பங்கு புதையுமாறு, மேற்புறம் பின்சாய்வாக இருத்தி, அவற்றின் இடுக்குகளில் துண்டுகளை நடலாம். முதல் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் ஊற்றினாற் போதும், எரு வேண்டுவதில்லை. நீர் தேங்கும் கரிசலிலும் மர நிழலிலும் இது செழிக்காது.

கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னாளில் இக்கரையில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தனர். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் அமிழ்ந்தமைக்கு அவ்வாறு வெட்டியதும் ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகின்றது. 2001-ஆம் ஆண்டு முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அழகாக இருக்கின்றது என்று கரையில் ஒதுங்கிய பவளக்கல்லையும் எடுத்துவந்து பாத்தியில் வைத்தல் கூடாது. மணற்கல்லும் பழைய கட்டடத்தின் கல்லும் போதுமானவை.

அடம்பு அடக்கமான செடியன்று. ஒரு கொடி முப்பது அடியும் ஓடும். சிறு பாத்தியாயின் அண்டைச் செடிகளை மூடிவிடும். எனவே மழைக்காலம் கழிந்ததும் மார்கழிக் கடைசியில் ஓரங்களை நறுக்கிவிட வேண்டும். நறுக்கிய துண்டுகளை மேட்டில் கிழிந்த இடங்களில் உடனே நடலாம். இவ்வளவு இடம் இல்லாதவர்கள் சதைப்பற்றுள்ள சிறு இலைகளும் இளஞ்சிவப்புப் பூக்களும் உடைய வங்காரவள்ளையை வைக்கலாம். அதுவும் உப்பையும் வறட்சியையும் தாங்கித் தரையோடு படர்வதே. அடம்பின் மலர் காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும் என்பதால், பாத்தியைக் கிழக்கு வாயிலை ஒட்டி அமைப்பது நலம்.