இயக்குதள மாற்றமும் பழைய சொல்லடைவுகளும்

நூலொன்றுக்குச் சொல்லடைவு தொகுப்போர் முன்னாளில் சீட்டுகளில் எழுதி, அகரநிரலாக அடுக்கிப் பெட்டிகளில் வைத்தனர். பின்னர் அவ்வேலை கணினிக்கு மாறிற்று. சீட்டுப்பெட்டியைத் திறக்கக் கை ஒன்றே போதும். கணினியில் தொகுத்த அடைவைத் திறப்பதற்கோ அதனைத் தொகுத்த மென்பொருளும் அம்மென்பொருளைத் தாங்கும் இயக்குதளமும் வேண்டும். 2025 அக்டோபர் 14-ஆம் நாளொடு விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு முடிவுற்றமையின், எம் அறையிலிருந்த கணினியும் மாறிற்று. மாறிய அன்றே பழைய அடைவு நிரல் திறவாதொழிந்தது. அதன் காரணத்தையும், அதனினும் பெரிதாகிய வேறொரு கேட்டினையும் ஈண்டு விளக்குவாம்.

நிரல் கெட்டுவிடவில்லை, அது நின்ற நிலமே மாறிற்று. எம் நிரல் விண்டோஸ் 3.1 காலத்ததாகிய 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ், 32 பிட் நிரல்களை இடைப்பகுதியொன்றின் துணையால் இயக்கும். 16 பிட் நிரல்களை அறவே ஏற்பதில்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் வடிவமும் கிடைத்தமையின் பழையன அதில் உயிர்வாழ்ந்தன. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு அவ்வடிவம் இல்லை. இஃதறியாது, நிரலின் பண்புப் பலகையில் ஒத்தியைவு அமைப்புகளை மாற்றி மாற்றி யாம் அரைநாள் கழித்தோம். அவ்வமைப்புகள் 32 பிட் நிரல்களுக்கே பயன்படுவன.

அத்தகைய 32 பிட் நிரல்களிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய நிரல்கள் தம் கோப்புகளைத் தாம் நிறுவப்பட்ட உறையிலேயே எழுதும் வழக்கின. 2007-இல் வந்த விஸ்டா முதலாக அவ்வுறையில் எழுதுதல் தடுக்கப்பட்டு, எழுதியது பயனர் ஒவ்வொருவர்க்கும் உரிய வேறோர் உறைக்குத் திருப்பப்படுகிறது. ஆதலின் ஒரே கணினியில் இருவர் தத்தம் பெயரால் நுழைந்து ஒரே அடைவைத் திருத்துவாராயின், இருவேறு பாடங்கள் உண்டாகும். ஒருவர் திருத்தம் மற்றவர் கண்ணிற் படாது.

எமக்குக் கைகொடுத்தது மெய்நிகர் கணினி. புதிய கணினிக்குள்ளேயே மென்பொருளால் அமைந்த பழைய கணினியொன்றை உண்டாக்கி, அதில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவுதலே அம்முறை. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்குப் போதும். எக்ஸ்பிக்குரிய ஆதரவு 2014-இல் நின்றுவிட்டமையின் அதனை இணையத்தோடு இணைத்தல் ஆகாது. நிரல் திறந்தது, அடைவு முழுவதையும் எளிய உரைக்கோப்பாக வெளிக்கொணர்ந்தோம்.

இனித்தான் உண்மையான இடர். அக்கோப்பு பாமினி எழுத்துருவில் அமைந்தது. பாமினி இல்லாத கணினியில் ‘அம்மா’ என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் உரோமக் குறிகளாகவே தோன்றும். எந்த எழுத்துரு என்பதை எளிய உரைக்கோப்பு தானே சொல்லாது. ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் பலவுள. அவற்றுள் ஒன்றைக் கொண்டு மாற்றினோம். ஓரிரு பக்கம் பார்த்து, நன்றெனக் கொண்டோம்.

பின்னர் மாணவர் ஒருவர் ‘வெள்ளி’ என்று தேடினார், ஓரிடமும் கிட்டவில்லை. அச்சொல் அந்நூலில் பயிலவில்லையெனத் தம் கட்டுரையில் எழுதவும் முற்பட்டார். நூலைப் பயின்றோர் அதனை ஒப்பார். நோக்கியபோது, அச்சொல் எங்கும் ‘வௌ்ளி’ என்றாகி, வகர வரிசையின் இறுதிக்குச் சென்றிருந்தது. பாமினியில் ஔகாரத்தின் வலக்கூறும் ளகரமும் ஒரே குறி. ஒற்றைக்கொம்பு, மெய், ளகரம் என்னும் மூன்றும் அடுத்து வருமிடமெல்லாம் கருவி அதனை ஔகாரமென்றே கொண்டுவிட்டது. ‘தெளிவு’ என்பதற்கும் அதே கதி. இப்பிழை இணையப் பக்கங்களிலும் மலிந்து கிடக்கக் காண்கிறோம்.

இது நமக்குப் புதியதன்று. எகர ஏகார வேறுபாடின்றியும் மெய்க்குப் புள்ளியின்றியும் ரகரமும் காலும் ஒரே வடிவினவாயும் எழுதப்பட்ட ஏடுகளைப் பதிப்பித்தோர் பொருள் நோக்கியே பாடம் துணிந்தனர். அவர்க்கு ஐயம் கண்முன் நின்றது. கருவியோ ஐயுறுதலே இன்றித் துணிந்துவிடுகிறது. திறவாத நிரலால் வேலை தடைப்படும், அவ்வளவே. பிழைபட மாறிய அடைவோ திறந்து, தேடி, விடையும் தருகிறது. அவ்விடையை நம்பி ‘இல்லை’ என்று எழுதிவிடுவோம்.

திருத்தும் நெறி எளிது. ஔகாரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ வருதல் தமிழில் இல்லை. ஆகவே அவ்வாறு வந்த இடமெல்லாம் ளகரமே. இவ்வொரு விதியாற் பெரும்பாலன நேராயின. எஞ்சுவன உயிர்க்குறியின்றி நிற்பவை: ‘கௌவை’, ‘பௌவம்’ போல்வன ஔகாரம், ‘மெள’ என நிற்பது மௌனத்தின் முதலோ, மெள்ள என்பதன் திரிபோ என்பதனைச் சொல் நோக்கியே துணிய வேண்டும். மொழிமுதல் ஔகாரமும் இவ்வாறே ஒகரமும் ளகரமுமாகச் சிதைந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அகரநிரலையும் மீள அமைக்க வேண்டியதாயிற்று. ஒருங்குறியின் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்றலின், அவ்வெண்வரிசைப்படி அடுக்கினால் நம் நெடுங்கணக்கு வாராது.

மெய்நிகர் கணினியையும், மாற்றாத மூலக்கோப்பையும், பாமினி எழுத்துருவையும் ஒருங்கே ஈரிடங்களில் வைத்துள்ளோம். இன்ன எழுத்துரு என்னும் குறிப்பைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்தோம். ஐயம் தீராத சொற்களைத் தனிப்பட்டியாக்கி அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு வருகிறோம். ககர வரிசை முடிந்தது.