உங்களுக்குத் தெரியுமா? கையால் தொடக்கூடிய 250 கோடி ஆண்டுக் கடல்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கரிஜினி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நடக்கும் செம்பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறு. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அன்று காற்றில் சுவாசிக்க ஆக்சிஜனே கிடையாது. மீன், மரம், புல் எதுவும் தோன்றியிருக்கவில்லை.

● பாறையில் வரிவரியாகத் தெரிவது இரும்புத் தாதும் சிலிக்காவும். கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு படிந்து படிந்து உருவானது. சில வரிகள் நகத்தின் கனம்கூட இல்லை. உதிர்ந்து கிடக்கும் ஒரு சில்லைத் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மீறிக் கனக்கும்!

● சில இடங்களில் பள்ளம் 100 மீட்டர் ஆழம். அடியில் வெயில் அதிகம் விழாது. மேலே அனல் பறக்கும்போதும் குளத்து நீர் நடுங்கவைக்கும்.

● டேல்ஸ் பள்ளத்தாக்குக்கு அருகிலேயே கூடாரம் போட இடம் உண்டு. அங்கிருந்து ஃபெர்ன் குளத்துக்கு நடந்தே போகலாம். பூர்வகுடி மக்கள் போற்றும் இடம் அது. கத்தாமல், குதிக்காமல், மெதுவாக நீரில் இறங்க வேண்டும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

● மழைக்கு அறிகுறி தெரிந்தால் உடனே மேலே ஏறிவிடுங்கள். எங்கோ பெய்த மழைகூட இங்கே திடீர் வெள்ளமாகப் பாயும்.