இழுத்தாலும் குலையாத சதுரம்

கணித விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு பக்கம் நன்கு பரிச்சயமானது. கேத்திரகணித நிறுவல் வினாவுக்குரிய பக்கம் அது. வரிப்படம் அழகாகப் பிரதி செய்யப்பட்டிருக்கும். 'தரவு', 'நிறுவ வேண்டியது' என்ற இரு தலைப்புகளும் அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே ஒன்றும் இராது. நான் கற்பிக்கும் மாணவியருள்ளும் இத்தகைய பக்கத்தைத் தருவோர் ஆண்டுதோறும் உள்ளனர். அவர்களுட் பலருக்குத் தேற்றம் தெரியாமல் இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், வட்டத்தின் வில்லொன்று மையத்தில் எதிரமைக்கும் கோணம் பரிதியின் எஞ்சிய பகுதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்று மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். மனனம் செய்வதில் எம் பிள்ளைகளுக்கு என்ன குறை? அந்த வசனம் எதைச் சொல்கிறது என்று கேட்டால்தான் மௌனம். கணிதத்தில் சித்தியில்லை என்றால் ஒரு பெண்பிள்ளைக்கு எத்தனை கதவுகள் மூடிக்கொள்கின்றன என்பதைப் பெற்றோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

புத்தகத்திலுள்ள படம் அசையாது என்பதே இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். தேற்றம் பேசுவது பரிதியிலுள்ள எந்தப் புள்ளியைப் பற்றியும்தான். புத்தகமோ ஒரேயொரு புள்ளியை, அதுவும் வழக்கமாக வட்டத்தின் உச்சியில், குறித்துக் காட்டுகிறது. கரும்பலகையில் நாமும் அதையே வரைகிறோம். ஆகவே பிள்ளை அத்தேற்றத்தை அந்த ஒரு படத்தைப் பற்றிய செய்தியாகவே எடுத்துக்கொள்கிறாள். பரீட்சையில் படம் சற்றுச் சரிந்து வந்தால் அது அவளுக்கு வேறொரு கணக்கு.

படத்தை அசைய வைக்கும் மென்பொருள்கள் 1980களில் உருவாகத் தொடங்கின. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் ழான்-மரி லபோர்ட் என்பவரின் குழு 'கப்ரி' என்பதை உருவாக்கியது. அமெரிக்காவில் நிக்கோலஸ் ஜாக்கிவ் எழுதிய 'ஜியோமீற்றர்ஸ் ஸ்கெச்பேட்' 1991இல் வெளிவந்தது. இவை விலை கொடுத்து வாங்கவேண்டியவையாக இருந்தன. எமக்கு எட்டியது 'ஜியோஜிப்ரா'. ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் 2001, 2002 காலப்பகுதியில் தமது முதுமாணிப் பட்ட ஆய்வின் பகுதியாக இதனை ஆக்கினார். வகுப்பறைப் பாவனைக்கு இலவசம். ஜியோமெற்றி, அல்ஜிப்ரா ஆகிய இரு சொற்களின் சேர்க்கையே இப்பெயர். முதற்பாதி கிரேக்கம், பிற்பாதி அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற அறபுச் சொல். மென்பொருளைத் திறந்தவுடனே ஒரு சரித்திரப் பாடமும் கிடைத்துவிடுகிறது.

எமது கணினி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் கணினிகள் ஒன்பது. ஒன்றுக்கு நால்வர் வீதம் உட்காருவார்கள். முதல்நாள் நான் கொடுக்கும் வேலை மிக எளியது: சதுரம் ஒன்று வரையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒன்பது திரைகளிலும் ஒன்பது சதுரங்கள். பெரும்பாலானோர் கண்மதிப்பில் நான்கு புள்ளிகளை வைத்து இணைத்திருப்பார்கள். நான் ஒவ்வொரு கணினியாகச் சென்று, ஓர் உச்சியை மௌஸால் பிடித்து இழுப்பேன். சதுரம் குலைந்து ஏதோவொரு கோணல் நாற்பக்கல் ஆகிவிடும்.

"டீச்சர், என்ட சதுரத்த உடைச்சிட்டீங்களே!"

உடைந்தால் அது சதுரமே அல்ல, சதுரம்போலத் தோன்றியது மட்டுந்தான் என்று சொல்லிவிட்டு உண்மையான வேலையைக் கொடுப்பேன். எந்த உச்சியை எப்படி இழுத்தாலும், சிறிதாகலாம், பெரிதாகலாம், திரும்பலாம். ஆனால் சதுரமாகவே இருக்கவேண்டும். இதற்கு இரண்டு பாடவேளைகள் போய்விடும். போகட்டும். அந்த எண்பது நிமிடங்களில் நடப்பதைப் போன்ற கணிதப் பேச்சை வேறு எந்தப் பாடத்திலும் நான் கேட்டதில்லை.

செங்கோணம் வேண்டுமென்றால் செங்குத்துக்கோட்டை அமைக்கவேண்டும். கண்ணால் பார்த்து வைக்க முடியாது. பக்கங்கள் சமமாக வேண்டுமென்றால் ஒரு முனையை மையமாகவும் பக்கத்தை ஆரையாகவும் கொண்டு வட்டம் வரையவேண்டும். கவராயம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது சில பிள்ளைகளுக்கு அன்றுதான் விளங்குகிறது. ஒரு குழு முற்றிலும் வேறு வழியிற் போனது. மூலைவிட்டத்தை முதலில் வரைந்து, அதன் செங்குத்து இருசமவெட்டியை அமைத்து, நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு மூலைவிட்டத்தின் முனைகளினூடாக ஒரு வட்டம் வரைந்தார்கள். வெட்டும் புள்ளிகளை இணைத்ததும் சதுரம் வந்தது, இழுத்தும் குலையவில்லை. சதுரத்தின் மூலைவிட்டங்கள் சமமானவை, ஒன்றையொன்று செங்குத்தாக இருசமகூறிடும் என்ற, கொப்பியில் பலமுறை எழுதிய இயல்புக்கு இப்போது ஒரு பயன் கிடைத்துவிட்டது. மென்பொருளில் ஒழுங்கான பல்கோணியை ஒரே சொடுக்கில் தரும் பொத்தானும் உண்டு. அதை நான் கருவிப்பட்டையிலிருந்து நீக்கிவிட்டே வகுப்பைத் தொடங்குவேன்.

இனி அந்த வட்டத் தேற்றத்துக்கு வருவோம். வட்டத்தில் ஏ, பீ என்ற இரு புள்ளிகளும் பரிதியில் சீ என்ற புள்ளியும் குறிக்கப்படுகின்றன. மையக் கோணம் 100 பாகை, சீயிலுள்ள கோணம் 50 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீயைப் பிடித்துப் பெரிய வில்லின்மீது இழுக்கும்போது கோடுகள் எல்லாம் ஆடுகின்றன, முக்கோணி நீள்கிறது, ஒடுங்குகிறது. 50 மட்டும் அசையாது நிற்கிறது. பிள்ளைகள் இதைச் சற்றுநேரம் விளையாட்டாகவே செய்வார்கள். நான் தடுப்பதில்லை. யாராவது ஒருத்தி பீயைத் தாண்டிச் சிறிய வில்லுக்குள் சீயை இழுத்துவிடுவாள். கோணங்களை 180 பாகைக்குள் காட்டும்படி மென்பொருளை அமைத்திருந்தால், 50 திடீரென 130 ஆகப் பாயும். "பிழைச்சிட்டு டீச்சர்" என்பார்கள். பிழைக்கவில்லை. 50உம் 130உம் சேர்ந்தால் 180. வட்ட நாற்பக்கலின் எதிர்க் கோணங்கள் மிகைநிரப்பிகள் என்ற அடுத்த தேற்றம், நான் பெயர் சொல்லுமுன்னரே, வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

நிறுவலிலும் இது கைகொடுக்கிறது. சீயையும் மையத்தையும் இணைத்து நீட்டினால் இரண்டு இருசமபக்க முக்கோணிகள் கிடைக்கும். ஒவ்வொன்றினதும் புறக்கோணம் அகத்தெதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகை. இரண்டையும் கூட்டினால் தேற்றம் நிறுவப்பட்டுவிடும். சீ பக்கவாட்டில் நகர்ந்து, மையம் அக்கோணத்துக்கு வெளியே போய்விட்டால்? அப்போது கூட்ட முடியாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கவேண்டும். புத்தகத்தின் ஒற்றைப் படத்தை மட்டும் பார்த்த பிள்ளை இப்படியொரு நிலைமை இருப்பதையே அறியமாட்டாள். இழுத்துப் பார்த்தவளோ தானாகவே கேட்கிறாள்.

ஆனால் இங்கேதான் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு மாணவி நேரடியாகவே கேட்டாள்: "எங்க இழுத்தாலும் 50தானே டீச்சர் வருது? கண்ணால பார்த்தாச்சு. பிறகு எதுக்கு நிறுவுறது?" மென்பொருளை எதிர்க்கும் ஆசிரியர்கள் அஞ்சுவதும் இக்கேள்வியைத்தான். அவர்களது அச்சம் நியாயமானதே. நான் அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. ஒழுங்கான எழுகோணி ஒன்றை வரையக் கொடுத்தேன்.

அதற்கொரு பழைய உபாயம் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணிதவியலாளர் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி, கைவினைஞர்களுக்காக எழுதிய கேத்திரகணித நூலில் இதனைத் தருகிறார். வட்டத்துள் சமபக்க முக்கோணி ஒன்றை அமைத்து, அதன் பக்கத்தின் பாதியைக் கவராயத்தில் எடுத்து, பரிதியில் ஏழுமுறை வெட்டவேண்டும். 5 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் பென்சிலால் செய்து பாருங்கள். ஏழாவது வெட்டு முதற் புள்ளியில் வந்து பொருந்துவதுபோல் இருக்கும். மென்பொருளில் செய்து, கோணங்களை முழு எண்ணுக்கு மட்டந்தட்டும்படி அமைத்தால், ஒவ்வொரு மையக் கோணமும் 51 பாகை என்று காட்டும். உண்மையான எழுகோணிக்கும் அது 51 என்றே காட்டும். எல்லோரும் திருப்தியடைந்துவிட்டார்கள்.

அதன்பின் இரண்டு தசமதானங்களுக்கு மாற்றச் சொன்னேன். 51.32 வந்தது. 360ஐ 7ஆல் வகுத்தால் 51.43 வரவேண்டும். தொடங்கிய புள்ளியைப் பெருப்பித்துப் பார்த்தபோது ஏழாவது புள்ளி அங்கே இல்லை. முக்கால் பாகையளவு விலகி நின்றது. 5 சென்ரிமீற்றர் வட்டத்தில் அது ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர், மழுங்கிய பென்சிற்கோட்டுக்குள் மறைந்துவிடக்கூடிய இடைவெளி. மரத்திலோ ஓட்டிலோ வேலை செய்யும் கைவினைஞருக்கு அது போதும். கணிதத்துக்குப் போதாது. நேர்விளிம்பாலும் கவராயத்தாலும் மட்டும் ஒழுங்கான எழுகோணியைச் சரியாக அமைக்கவே முடியாது. பியேர் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837இல் வெளியிட்ட நிறுவல் இதனை உறுதிப்படுத்தியது. முடியாது என்பதை எந்தத் திரையில் எவ்வளவு நேரம் இழுத்தாலும் பார்க்க இயலாது. கேள்வி கேட்ட பிள்ளை பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப அந்த 50உம் 49.998ஆ இரிக்கலாம்தானே?" என்றாள். அன்று மாலைக்குள் நிறுவலை எழுதிக் கொண்டுவந்து தந்தாள்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பெற்றோர் கூட்டங்களில் உம்மாமார் என்னிடம் சொல்வது ஒன்றே: பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்க நாங்கள் படும் பாடு போதாதா, நீங்களும் அதையே கொடுக்கச் சொல்கிறீர்களே? ஜியோஜிப்ராவை ஒருமுறை தரவிறக்கிவிட்டால் வரைவதற்கு டேட்டா தேவையில்லை. இணைப்பை நிறுத்திவிட்டே கொடுக்கலாம். இருபது நிமிடம் தாராளம். மகள் என்ன செய்தாள் என்று அறிய உங்களுக்குக் கணிதம் தெரிந்திருக்கவும் வேண்டாம். அவள் அமைத்த உருவத்தின் ஒரு மூலையை விரலால் இழுத்துப் பாருங்கள். குலைந்தால் மறுபடி செய்யச் சொல்லுங்கள். கவராயத்தையும் பென்சிலையும் மட்டும் ஒதுக்கிவைக்க விடாதீர்கள். பரீட்சை மண்டபத்தில் அவைதான் துணை.

ஆயத்தமாகக் கிடைக்கும் அசையும் படங்களை மல்டிமீடியாவில் ஓடவிட்டு, பிள்ளைகளைக் கைகட்டிப் பார்க்கவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கரும்பலகைக்குப் பதில் இன்னொரு பலகை. இழுக்கும் கை பிள்ளையுடையதாக இருக்கவேண்டும். இழுக்குமுன் என்ன நடக்கும் என்று அவள் கொப்பியில் ஊகம் எழுதியிருக்கவேண்டும்.

அடுத்த தவணையில் ஒழுக்குப் பாடத்தை இப்படி ஒரு ஊகத்தோடு தொடங்க எண்ணியிருக்கிறேன். சுவரில் சாய்த்து வைத்த ஏணி ஒன்று வழுக்கிக் கீழிறங்குகிறது. ஏணியின் சரிநடுவில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. பூனை எந்தப் பாதையில் இறங்கும்? சுவரின் அடியை நோக்கி உட்பக்கமாக வளைந்து இறங்கும் என்றே நான் கேட்ட பலரும், ஆசிரியர்கள் சிலர் உட்பட, சொன்னார்கள். வீட்டில் அடிமட்டம் ஒன்றைச் சுவரோடு சாய்த்து, நடுவில் ஒரு பொட்டு வைத்து, மெல்ல வழுக்கவிட்டுப் பாருங்கள். பொட்டு வெளிப்பக்கமாக வளைந்து, ஒரு வட்டத்தின் காற்பங்கை வரையும். சுவரின் அடியே அதன் மையம். ஏணியின் பாதி நீளம் அதன் ஆரை. ஏன் என்று காட்ட, அரைவட்டத்திலுள்ள கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தின் மறுதலை போதும்.