கொசுவை வீழ்த்தும் மலர்

டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி வெண்பொடி உலகமெங்கும் பரவுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், மேட்டூர் அணையின் நீர் புதிய கால்வாய்களின் வழியே பாயத் தொடங்கியபின் மலேரியா ஜுரம் மலிந்த பட்டுக்கோட்டை வட்டாரத்தில், அமெரிக்க மருத்துவ அறிஞர் பால் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் வீடுகளுக்குள் தெளித்துச் சோதித்த திரவம், ஒரு மலரின் சாரமேயாகும். பைரீத்ரம் எனப்படும் அச்செடி சாமந்தியின் சுற்றத்தைச் சேர்ந்தது; பூர்விகம் டால்மேஷியக் கடற்கரை; பிற்காலத்தில் கென்யாவின் மலைநாடும், ஓரளவு நமது நீலகிரியும் அதனைப் பயிர்செய்தன. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட அப்பூவை உலர்த்தி எடுத்த சாற்றை மண்ணெண்ணெயில் கலந்து தெளித்தால், கொசு நரம்புகள் நிலைகுலைந்து சில நிமிஷங்களில் தரையில் வீழ்கிறது. மனிதனுக்கோ தீங்கு சொற்பம். ஆயினும் வெயில் பட்டால் அதன் வீரியம் விரைவில் அழிந்துவிடும். சுவரில் மாதக்கணக்கில் தங்கிய டி.டி.டி. அதனை ஓரங்கட்டியது இக்காரணம் பற்றியே; அந்த நெடுவாசமே கொசுக்களுக்கு எதிர்ப்புச் சக்தி வளரவும் இடந்தந்தது என்பது பின்னர்தான் புலப்பட்டது.

வேம்பின் மார்க்கம் வேறு. பிற கொசுப்புழுக்களைப்போல் தலைகீழாகத் தொங்காமல், நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்தாற்போல் மிதக்கும், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழு, பலமுறை தோலுரித்தே கொசுவாக வேண்டும். வேப்பங்கொட்டையின் அசாடிராக்டின் அத்தோலுரிப்பையே குலைத்துவிடுகிறது. நிதானமான வைத்தியந்தான், அவசரக்காரருக்கு ஒவ்வாது.

இன்று கொசுவலைகளில் தோய்க்கப்படும் பைரீத்ராய்டு மருந்துகள், அந்த வெண்மலரின் ரசாயன அமைப்பைப் பின்பற்றி ஆய்வுக்கூடத்தில் சமைக்கப்பட்டவையே. அவற்றுக்கும் பல தேசங்களில் கொசு இப்போது பணிய மறுக்கிறது.