இறைத்த நீர் மீளாதிருக்க

கிணற்று நீரை வீட்டிற்குக் கொணரும் பம்பை நாம் நன்கு அறிவோம். வீட்டு நீரை வெளியேற்றவும் பம்பு வேண்டுமோ? வட அமெரிக்காவின் குளிர்மிக்க பகுதிகளில் வேண்டும். ஆங்குப் பல வீடுகள் நிலவறை உடையன. மழைநீரும் உருகிய பனிநீரும் மண்ணில் ஊறி, அவ்வறையின் தரையில் அமைத்த குழியிற் சேரும். நீர் உயர மிதவையும் உயரும். உடனே மின்விசை முடுக்கப்பெற்றுப் பம்பு நீரை வெளியே தள்ளும்.

தள்ளிய நீர் செல்லுமிடம் யாது? குழாயின் வாய் சுவரடியிலேயே இருப்பின், அந்நீர் மண்ணுட் புகுந்து மீண்டும் அக்குழியையே அடையும். இறைத்ததையே இறைத்துப் பம்பு தேயும். சுவரும் ஈரம் நீங்காது கேடுறும். வலிய பம்பு வாங்குவதால் இக்குறை தீராது.

ஆதலின் குழாயை 10 அடியேனும் அப்பாற் கொண்டுசெல்லல் வேண்டும். வீட்டைச் சூழ்ந்த நிலம் முதற் 10 அடிக்குள் 6 அங்குலம் தாழ்ந்து சரிதல் வேண்டும். கூரைநீரையும் சுவரடியில் விழவிடலாகாது. பம்பு நின்றதும் குழாய்நீர் குழிக்குத் திரும்பாவண்ணம் ஒருவழி வால்வு பொருத்துதல் நன்று. வெளிக்குழாய் சரிவாக இராவிடின், தேங்கிய நீர் பனிக்காலத்தில் உறைந்து வழியை அடைக்கும். புயலில் மின்சாரம் நிற்குமாதலின் மின்கலத்தால் இயங்கும் துணைப்பம்பும் வேண்டற்பாலது.

மற்றொன்றும் மறத்தற்கில்லை. நம் மனையினின்று நீங்கிய நீர் அயலார் மனையிற் புகுமாயின் துன்பம் நீங்கிற்றில்லை. இடம் மாறிற்று, அவ்வளவே.