கிணற்று நீரில் அழுக்ககற்றியை அளந்தறிதல்

இறைப்பு நீரில் நுரை கண்டவுடன் கிணறு கெட்டுவிட்டதென்று கமக்காரர் பலர் அஞ்சுவர். உக்கிய இலைகுழையாலும் நீர் நுரைத்தல் உண்டு. நுரையே இல்லாத தெளிந்த நீரிலும் அழுக்ககற்றி சிற்றளவாகக் கலந்திருத்தல் கூடும். ஆகவே கண்ணால் முடிவு செய்யாது, அளந்தே அறிதல் வேண்டும்.

கிணற்றை அடையும் வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் அமைந்தவை. அவற்றின் வன்னீரில் சாதாரண சவர்க்காரம் எளிதில் நுரையாது. ஆதலின் அழுக்ககற்றியாகிய சலவைத் தூள் விரும்பப்படுகின்றது. கிணற்றடியில் துவைத்த நீர் பாறை வெடிப்புக்களினூடாக மீண்டும் கிணற்றைச் சேரலாம்.

அளக்கும் முறை

ஆய்வுகூடத்தில் நீர் மாதிரியுடன் மெதிலீன் நீலம் என்னும் சாயத்தையும் குளோரோபோமையும் சேர்த்துக் குலுக்குவர். சலவைத் தூளின் முக்கிய அழுக்ககற்றியோடு இணைந்த சாயம் குளோரோபோமிற் கரைந்து அதனை நீலமாக்கும். நீலம் மிகுந்தால் அழுக்ககற்றியும் மிகுதியெனக் கொள்வர். அந்நிறச் செறிவைக் கருவியால் அளந்து, இலீற்றருக்கு 0.1 மில்லிகிராமையும் அறியலாம்.

எனினும் நைத்திரேற்றும் குளோரைட்டும் மிகுந்த நீர், அழுக்ககற்றி இல்லாதபோதும் சிறிது நீலங் காட்டும். யூரியா மிகுதியாக இட்ட தோட்டங்களிலும் கடலோரத்திலும் உள்ள கிணறுகளில் இது நேரலாம். இவ்விவரத்தை முன்னரே அறிவித்தால், குளோரோபோமை அமிலக் கரைசலாற் கழுவி வழுவைக் குறைப்பர். பூச்சிநாசினிகளிற் சேர்க்கப்படும் நனைபொருள்களுட் சில இச்சோதனைக்கு அகப்படா என்பதும் நினைவிற்குரியது.

மாதிரி எடுத்தல்

1. கண்ணாடிப் போத்தலைச் சலவைத் தூளாற் கழுவலாகாது. சுடுநீரால் அலசி, பின் அதே கிணற்று நீரால் மும்முறை அலசுக.

2. மேல்நுரையை விலக்கி, நீர்மட்டத்தின் கீழிருந்து எடுக்க. நுரையில் அழுக்ககற்றி செறிந்திருக்கும்.

3. ஒருவரும் துவைக்காத அயற் கிணற்றிலிருந்து ஒப்பீட்டுக்கு இன்னொரு மாதிரி எடுக்க.

4. திகதி, கிணற்றின் இடம், துவைக்கும் இடத்தின் தூரம், இட்ட பசளை ஆகியவற்றை எழுதி ஒட்டுக.

5. போத்தலைப் பனிக்கட்டியில் வைத்து, அன்றே ஒப்படைக்க. 48 மணித்தியாலத்துள் சோதனை முடிதல் நன்று.

கழுவிய போத்தலில் எஞ்சிய தூள் சிறிதாயினும் நல்ல கிணற்றைக் கெட்டதெனக் காட்டிவிடும். அதனை நம்பிப் பயிரைக் கைவிடுவோர் நட்டமடைவர். அழுக்ககற்றி உண்மையாகவே காணப்படின், துவைத்தலையும் தெளிகருவி கழுவுதலையும் கிணற்றினின்று தூர விலக்குதலே முதற் பரிகாரம். சோதனைக்கு முன் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசித்தல் நலம்.