காட்டிக்கொடுப்பதல்ல, காப்பாற்றுவது

இடைவேளை மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயடியில் ஒரு சிறுவனைச் சுற்றி நாலைந்து பேர் கூடுகின்றனர். ஒருவன் அவனது புத்தகப்பையைப் பறிக்கிறான். இன்னொருவன், ஷெல்லடியில் காலிழந்த தகப்பனைக் குறித்து, “நொண்டியின்ர மகன்” என்கிறான். சுற்றி நிற்பவர்களிற் சிலர் சிரிக்கின்றனர். மற்றவர்கள் கண்டும் காணாததுபோல் விலகுகின்றனர். முள்ளிவாய்க்காலில் மட்டுமல்ல, எந்தக் கிராமத்துப் பாடசாலையிலும் நடக்கக்கூடியது இது. கொடுமை செய்தவனுக்குத் தண்டனை கிடைக்கலாம். பட்டவனுக்கு ஆறுதல் கிடைக்கலாம். பார்த்து நின்றவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாம் இங்கு பேச விரும்புவது அவர்களைப் பற்றியே.

பார்வையாளரின் பலம்

கொடுமை செய்பவனுக்குப் பார்வையாளர் வேண்டும். கனடாவின் ரொறன்ரோ நகரில் பாடசாலை விளையாட்டிடங்களை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்த உளவியலாளர்கள் 2001இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 10 சம்பவங்களில் ஏறக்குறைய 9இல் வேறு மாணவர்கள் அருகில் இருந்தனர். ஆனால் 5இல் ஒன்றிலேயே எவராவது தலையிட்டனர். தலையிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் கொடுமை 10 வினாடிகளுக்குள் நின்றுவிட்டது! பெரிய வீரம் தேவைப்படவில்லை. ஒரு குரலே போதுமாயிருந்தது.

ஏன் வாய் திறப்பதில்லை?

‘அடுத்த அடி எனக்கு விழும்’ என்ற பயம் எந்நாட்டுப் பிள்ளைக்கும் உண்டு. எமது மண்ணில் இன்னொரு காரணமும் உண்டு. ‘காட்டிக்கொடுப்பவன்’ என்பதைவிடப் பாரமான வசை வன்னியில் இல்லை. கண்டதைச் சொல்லாதிருப்பதே பாதுகாப்பு என்று வளர்ந்தவர்கள் இன்று பெற்றோராக இருக்கின்றனர். “உனக்கேன் ஊர்வம்பு? நீ உன்ர படிப்பைப் பார்” என்கின்றனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. 2009 மே வரை அவர்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் இன்று வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் அதன்பின் பிறந்தவர்கள். அந்த மௌனத்தை அவர்களுக்கும் முதுசமாகக் கொடுக்க வேண்டுமா?

ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது வேறு. ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டை நாம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்.

மௌனம் பழகினால்...

பாடசாலையில் பார்த்து நிற்கப் பழகியவன் பல்கலைக்கழகத்திலும் பார்த்து நிற்பான். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீட மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையின் பின் சிறுநீரகங்கள் செயலிழந்து உயிரிழந்தார். மறு ஆண்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. படுகாயம் விளைவித்தவருக்கு 10 ஆண்டுகள் வரை சிறை என்றது. ஆயினும் பகிடிவதை ஒழியவில்லை. விடுதி அறைக்குள் சட்டம் வந்து நிற்பதில்லை. அங்கே நிற்பவன் சக மாணவனே.

என்ன செய்யலாம்?

மாணவர்கள்: முதலில், சிரிக்காதீர்கள். பாதிக்கப்பட்டவரின் பக்கத்திற் போய், “வா, போவம்” என்று கூட்டிச் செல்லுங்கள். கைகலப்பு வேண்டாம். கரைவலையை ஒருவர் தனியே இழுப்பதில்லை. இருவர் மூவராகச் சேர்ந்து போங்கள். அருகில் செல்லப் பயமாயின் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளையோடு கூட இருந்து சாப்பிடுங்கள்.

ஆசிரியர்கள்: சொல்ல வந்த பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள். அதன் பெயரை எவரிடமும் வெளியிடாதீர்கள். ஒருமுறை பெயர் வெளிப்பட்டால் அடுத்த பிள்ளை வரமாட்டாது. கொடுமை செய்த பிள்ளையின் வீட்டு நிலையையும் விசாரியுங்கள். அடி வாங்கும் பிள்ளையே அடிக்கவும் பழகுகிறது.

பெற்றோர்: எத்தனை புள்ளி என்று கேட்பதோடு, “இண்டைக்கு ஆருக்கு உதவி செய்தாய்?” என்றும் கேளுங்கள். பாடசாலையிற் தீர்வு கிடைக்காவிடின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கட்டடம், வேலி, தளபாடம் பற்றிப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: எமது பாடசாலையில் ஒரு பிள்ளை கண்டதைச் சொல்ல விரும்பினால், பயமின்றி யாரிடம் போகலாம்? அந்த ஒருவர் யாரென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும்வரை எமது வேலை முடியவில்லை.